மூன்றாம் பக்கம்

"என்னங்க, எங்கப்பா குப்பை கொட்டுறார்னு ஊருக்கே அச்சடிச்சுக் கொடுத்திருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

கவுன்சிலருக்கு ரொட்டி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. அவருடைய முதல் 'கோடை மடல்' ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் வார்டிலுள்ள ஐந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. யாராவது வந்து கைகுலுக்குவார்கள் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"உளறாதே. உங்கப்பாவுக்கு நான் நன்றி சொல்லி எழுதியிருக்கேன்."

"மூணாம் பக்கத்தை எடுங்க. பதினாலாம் நம்பர் எங்கப்பா வீடுதானே? நான் அங்கதானே பிறந்து வளர்ந்தேன்?"

கவுன்சிலர் தன் கண்ணாடியைத் தேடினார். சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்தான். வார்டில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரிவதே அவர் புண்ணியத்தில். ஆனால் அவருடைய கண்ணாடி மட்டும் வேண்டிய நேரத்தில் கிடைக்காது. கடைசியில் அது ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது.

முதல் பக்கத்தில் அவர் படம். இரண்டாம் பக்கத்தில் கொசு மருந்து அடிக்கும் நாள், இரண்டாவது தெருவில் எரியாத விளக்கு, நாய்களுக்குத் தடுப்பூசி முகாம், பூங்காவில் சரிசெய்யப்பட்ட குழாய். எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். 'நம் நன்றிக்குரிய வீடுகள்' என்ற தலைப்பின் கீழ் 3, 17, 30. 'கடைசி எச்சரிக்கை' என்ற தலைப்பின் கீழ் 9, 14, 21. எச்சரிக்கைக்குக் கீழே, அவரே மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதிய வாசகம்: 'தம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டும் இவர்கள் சனிக்கிழமைக்குள் திருந்தாவிட்டால், அடுத்த மடலில் புகைப்படத்துடன் வெளியிடப்படுவார்கள்.'

"ஐயையோ! தலைப்பு ரெண்டும் இடம் மாறிப்போச்சு!"

"மாறிப்போச்சா? அப்போ எங்கப்பா குப்பை கொட்டலைன்னு ஆச்சு" என்ற மனைவி, மடலை வாங்கி மறுபடியும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தாள். "நம்ம வீட்டு நம்பர் இதுல எங்கயும் இல்லையே?"

"நம்ம நம்பர் எதுக்கு வரணும்?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கவுன்சிலர் அப்படியே சாய்ந்துவிட்டார். மடலில் ஒரு பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது பூங்காவின் தலையெழுத்து. நாலு தெருவுக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு பூங்கா. கோடையில் வீட்டுக்குள் விசிறி அனலை அள்ளி வீசும்போது, குழந்தை குட்டிகளோடு எல்லோரும் ஓடிப்போய் மூச்சு விடுகிற இடம் அது. அதில் பாதியை வளைத்துக் குப்பை லாரி நிறுத்தப்போவதாக நகராட்சி சொல்லிவிட்டது. "உங்க வார்டுலதான் குப்பை அதிகம். அதனால லாரியும் அங்கேயே இருக்கட்டும்" என்றார் சுகாதார அதிகாரி. இவர் கெஞ்சிக் கூத்தாடியதில், "சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன். நாலு தெருவும் சுத்தமா இருந்தா பூங்கா உங்களுக்கு. இல்லேன்னா லாரி" என்று கெடு வைத்திருந்தார்.

கவுன்சிலர் ஜெயித்ததே பதினோரு ஓட்டில். அதுவும் 'பூங்காவில் கை வைக்க விடமாட்டேன், விட்டால் பதவியில் இருக்க மாட்டேன்' என்று மேடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதற்காக விழுந்த ஓட்டு. அந்த இரண்டாவது பாதியை ஏன் சொன்னோம் என்று அவர் அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறார்.

அதனால்தான் இந்த மூன்றாம் பக்கம். இரண்டு நாள் விடிகாலையில் ஸ்கூட்டரில் நாலு தெருவையும் சுற்றி, நோட்டுப் புத்தகத்தில் குறித்துத் தயாரித்த பட்டியல் அது. எந்த வீட்டு வாசலில் குப்பை கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு எச்சரிக்கை. எந்த வாசல் பளிச்சென்று இருக்கிறதோ அந்த வீட்டுக்கு நன்றி. இதில் தப்பு வர வழியே இல்லை. மூன்றாம் நம்பர் மெக்கானிக் வீட்டு வாசலைப் பார்த்து அவருக்கே வயிற்றைக் குமட்டியது. முட்டை ஓடு, காபிச் சக்கை, இரண்டு நாளும் தர்பூசணித் தோல் வேறு. தன் வீட்டுக்கு ஒரு வீடு தள்ளி இப்படியா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது அந்த மெக்கானிக்குக்கு நன்றி. தெருவையே பெருக்கி வைத்த மாதிரி வாசல் வைத்திருக்கிற மாமனாருக்குக் கடைசி எச்சரிக்கை.

"அச்சகக்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. துப்புரவு அக்கா தரையில் உட்கார்ந்து வெட்டித் தள்ளிய காகிதத்துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். வார்டின் நாலு தெருவுக்கும் அவள் ஒருத்திதான். அவளுடைய தள்ளுவண்டியின் இடது சக்கரம் கத்துகிற கத்தலைக் கேட்டுத்தான் பாதி வீடுகளில் கடிகாரத்தில் நேரத்தைச் சரிசெய்வார்கள்.

"தலைப்பை மாத்திப் போட்டு என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினார் கவுன்சிலர்.

அச்சகக்காரர் பதற்றப்படவில்லை. முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ கத்தலைப் பார்த்தவர். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது மூணாவது ப்ரூஃப். கீழே இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

அவர் கையெழுத்துதான். சுழித்து, கீழே இரண்டு கோடு போட்டு, அழகாக இருந்தது.

கவுன்சிலருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் ப்ரூஃபில் அவர் முகம் இருட்டடித்திருந்தது. இரண்டாவதில் முகம் தெளிவாகி, மீசை காணாமல் போயிருந்தது. இரண்டையும் துப்புரவு அக்காவிடம்தான் திருத்தத்தை வாயால் சொல்லிக் கொடுத்தனுப்பினார், அவள் எப்படியும் அச்சகத்துக்குப் போகிறவள்தானே என்று. மூன்றாவது வந்தபோது மீசை கருகருவென்று கம்பீரமாக இருந்தது. அந்த மீசையைப் பார்த்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டவர், மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லியனுப்பின திருத்தம் எல்லாத்தையும் ஒண்ணு விடாம போட்டுத்தான் அடிச்சேன்" என்றார் அச்சகக்காரர்.

"சரி, சரி" என்று அவசரமாக மறித்தார் கவுன்சிலர். மீசை விஷயத்தை மறுபடியும் கிளற அவருக்கு விருப்பமில்லை. "இன்னிக்கே திருத்தம் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க."

"அடுத்த திங்கள்தான் முடியும். பள்ளிக்கூட வேலை ஓடிட்டிருக்கு."

"தம்பி, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் துப்புரவு அக்கா. கவுன்சிலர் தூக்கினார். அவள் கீழே கிடந்ததை அள்ளிக்கொண்டு, சக்கரம் கத்தக் கத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இனி ஒரே வழிதான். எச்சரிக்கை வாங்கிய வீட்டுக்காரர்கள் மடலைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும். மாமனார் வீட்டு விஷயம் கை மீறிவிட்டது. இருபத்தொன்றாம் நம்பர் பேங்க் மேனேஜர் காலை நடைக்குப் போனால் எட்டரைக்குத்தான் திரும்புவார். ஆனால் ஒன்பதாம் நம்பர் டீச்சரம்மா! நாற்பது குடும்பம் அவர் சொல்வதைத்தான் கேட்கும். பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவனுக்கு நாற்பது குடும்பம் என்றால் சும்மாவா?

டீச்சரம்மா வீட்டுக் கதவின் தபால் பெட்டியில் மடல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார்.

"என்னடா எடுக்கற?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. நாலாம் வகுப்பில் கேட்ட அதே குரல். கவுன்சிலர் தன்னையறியாமல் வலது கையை முன்னால் நீட்டிவிட்டார், அடி வாங்க.

"கையை இறக்கு. அது பக்கத்து வீட்டுக்காரங்க மடல், எனக்குத் தெரியட்டும்னு போட்டுட்டுப் போயிருக்காங்க. என்னோடதை ஆறரைக்கே படிச்சாச்சு. உள்ளே வா."

உள்ளே போனார். டீச்சரம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கல டீச்சர். அது அச்சுல நடந்த தப்பு."

"யாருமே பார்க்கலையா?"

"சத்தியமா யாருமே பார்க்கல."

டீச்சரம்மா நீளமாக மூச்சு விட்டார். அடுத்த நொடியே முகம் சிவந்தது. "யாருமே பார்க்காததை நீ எப்படிடா எழுதுவ? முப்பத்துநாலு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவ நான். நாளைக்குக் காலைக்குள்ள திருத்தம் வரணும். வரலேன்னா சனிக்கிழமை அந்த அதிகாரிகிட்ட, எங்க கவுன்சிலர் சொல்றது எதையும் நம்பாதீங்கன்னு நாற்பது வீட்டுக் கையெழுத்தோட எழுதிக் கொடுப்பேன்."

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைபேசி அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை, யாரு பார்த்தது?"

"மாமா, அது அச்சுப்பிழை மாமா!"

"அப்படியா? அப்போ ஏன் மாப்பிள்ளை என் மானத்தை வாங்குனீங்க?" என்று அங்கேயும் பூசை ஆரம்பமானது. பேங்க் மேனேஜர் மட்டும் நாகரிகமான மனிதர். கடை வாசலுக்கே வந்து, "ஏதாவது கேமரா வெச்சிருக்கீங்களா, சார்?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றதும் அவரும் கத்தினார்.

எச்சரிக்கையை நீக்க முடியாவிட்டால் போகட்டும், நன்றியையாவது திருப்பி வாங்கிவிடலாம் என்று மத்தியானம் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். 'அண்ணே, உங்களுக்குப் போட்ட நன்றி தப்பா வந்துட்டது' என்ற வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மெக்கானிக் ஒரு பழைய காரின் அடியில் படுத்திருந்தார். இவர் காலைப் பார்த்ததும் சரேலென்று வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, கவுன்சிலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தெருவுக்கு வந்து பத்து வருஷமாச்சு. எங்களைப் பத்தி ஒருத்தர் நல்லதா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல. காலைல என் பொண்ணு படிச்சுக் காட்டுனா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

கவுன்சிலர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில், ஸ்பானர்களுக்கு நடுவில், மூன்றாம் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது வந்து..."

"சொல்லுங்க. என்ன செய்யணும்? தினமும் காலைல வாசலைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் பட்டறையைத் திறக்குறேன். தர்பூசணித் தோலா வந்து விழுது. எனக்குத் தர்பூசணி ஒத்துக்கவே ஒத்துக்காது, தெரியுமா? ஒரு துண்டு வாயில வெச்சா தடிப்புத் தடிப்பா வந்துடும். யார் வீட்டுதுன்னே தெரியல. இருந்தாலும் போகட்டும். உங்க ஒரு வார்த்தைக்காக இனி நம்ம தெரு முழுக்க நானே பார்த்துக்குறேன்."

கவுன்சிலர் வந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "ரொம்ப நன்றி" என்று மறுபடியும் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு வந்தார். தடிப்பு வருமாம்! குற்றவாளிகள் எவ்வளவு ஜோடனையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். "தர்பூசணி வெட்டுறியா? வயிறெல்லாம் எரியுது."

"இந்த வாரம் வாங்கலங்க" என்றாள் மனைவி.

"ஏன்? தினமும் வாங்குவியே?"

"சும்மா தினமும் அதையே தின்னா சளி பிடிக்கும்."

இந்தக் கொளுத்துகிற வெயிலில் சளியா என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. அவர் மூளை திருத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. உண்மையை எழுதினால் மெக்கானிக்கின் மனசு உடையும். எழுதாவிட்டால் டீச்சரம்மா நம் மண்டையை உடைப்பார். யோசித்து யோசித்து, யாருக்கும் நோகாமல் ஒரு வாசகத்தைத் தயாரித்தார். புதன்கிழமை காலை பூங்காவின் அறிவிப்புப் பலகையில் சாக்கட்டியால் எழுதினார்:

'கோடை மடல் மூன்றாம் பக்கத்தில் சில வீட்டு எண்கள் தவறாக வந்துள்ளன. சரியான எண்கள் பின்னர் அறிவிக்கப்படும்.'

எழுதிவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் படித்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே கடையைத் திறக்கப் போனார்.

பத்து மணிக்குக் கடை நிரம்பிவிட்டது. வெளியே வரிசை வேறு. முதல் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படித்தார்.

"உங்களுக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு" என்றவர் குனிந்து காதோடு கேட்டார். "சரியான நம்பர்னு போட்டிருக்கீங்களே, அது நாற்பத்திரண்டு இல்லையே?"

"இல்ல."

"அப்பாடா" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்து வந்த அம்மாள் பலகையைப் பார்க்கவேயில்லை. "அன்னிக்கு ஒரே ஒரு நாள்தான், தம்பி. மீன் கழுவின தண்ணி. வேணும்னு ஊத்தல, கை தவறிடுச்சு" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "நாய் செஞ்சதுக்கு நான் என்ன சார் பண்றது?" என்று ஆரம்பித்தார். மாலைக்குள் எழுபது பேருக்குக் கண் பரிசோதனை நடந்தது. ஒருவருக்கும் கோளாறில்லை. ஐந்நூறு வீட்டிலும் ஒவ்வொருவரும், அந்தச் சரியான எண் தன்னுடையதுதான் என்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வீட்டோடு நின்றிருந்த வம்பு வார்டு முழுவதற்கும் பரவிவிட்டது. கவுன்சிலர் ஓடிப்போய்ப் பலகையை அழித்தார். அழித்தது இன்னும் மோசமாகிவிட்டது. 'பெயரோடு பெரிசாகப் போடப் போகிறார், அதனால்தான் அழிச்சிருக்கார்' என்று வியாழக்கிழமை காலையில் பேச்சு கிளம்பியது.

அன்று தெருவில் அவர் பார்த்த காட்சி விசித்திரமாக இருந்தது. துப்புரவு அக்காவின் வண்டிக்குப் பின்னால் முப்பது பேர் வாளியும் பையுமாக வரிசையில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குப்பையை அவள் கண் முன்னால் வண்டியில் போட்டு, "பார்த்துக்கோங்க, இது எங்க வீட்டுது, உங்க வண்டியிலதான் போட்டேன்" என்று சாட்சி வைத்துவிட்டுப் போனார்கள். பேங்க் மேனேஜர் ஒரு எலுமிச்சைத் தோலை உறையில் போட்டு, மேலே தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்கு வேலையைக் கூட்டிட்டேனே அக்கா" என்றார் கவுன்சிலர், நொந்துபோய்.

"பரவால்ல தம்பி. இத்தனை வருஷத்துல குனியாம வேலை பார்க்குறது இந்த வாரம்தான்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை டீச்சரம்மா, மாமனார், பேங்க் மேனேஜர் மூவரும் சேர்ந்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காரணம் மெக்கானிக். அவர் தகரத்தில் 'நன்றிக்குரிய வீடு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார்.

"கொட்டுறவன் வாசல்ல போர்டு! எங்களுக்கு எச்சரிக்கை!" என்றார் மாமனார். "நாளைக்கு அந்த அதிகாரி முன்னாடி, எல்லாரும் கேட்க, உண்மையை வாசிக்கணும் மாப்பிள்ளை."

"வாசிக்கலேன்னா கையெழுத்துத் தாள் தயாரா இருக்கு" என்றார் டீச்சரம்மா, கைப்பையைத் தட்டிக் காட்டி.

அவர்கள் போனதும் கவுன்சிலர் பேனாவோடு உட்கார்ந்தார். வாசித்தால் மெக்கானிக்கின் முகம் என்ன ஆகும்? வாசிக்காவிட்டால் பூங்கா என்ன ஆகும்? கடைசியில் பூங்காதான் ஜெயித்தது. ஒரு தாளில் எழுதினார்: 'தலைப்புகள் இடம் மாறிவிட்டன. நன்றி 9, 14, 21-க்கு. எச்சரிக்கை 3, 17, 30-க்கு.' மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நெஞ்சில் செங்கல்லை வைத்தது போல் கனத்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட படிவம், மூக்கில் கட்டிக்கொள்ளத் தயாராக ஒரு கைக்குட்டை. முதல் தெருவில் நடந்தார். கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவது தெருவில் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தார். மூன்றாவது தெருவில் ஒரு குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருந்தது. தொட்டியைக் கழுவியிருந்தார்கள்.

"கவுன்சிலர் சார்" என்றார் சந்தேகத்தோடு. "இந்த வார்டுல மனுஷங்க குடியிருக்காங்களா?"

குடியிருந்தார்கள். எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சரம்மா கையில் விளக்குமாறு. மாமனார் கையில் தண்ணீர்க் குழாய். பேங்க் மேனேஜர் அதிகாரிக்குப் பின்னாலேயே ஒரு பையோடு நடந்து, மரத்திலிருந்து உதிர்ந்த இலையைக்கூடக் கீழே விழவிடாமல் பிடித்தார். மெக்கானிக் தன் தகரப் போர்டைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"இந்தச் சுத்தத்துக்கு யார் காரணம்?" என்று கேட்டார் அதிகாரி.

"நாங்கதான்" என்றார் டீச்சரம்மா, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். அதிகாரி கைகூப்பினார். "உங்களை மாதிரி பெரியவங்க இருந்தா போதும் அம்மா" என்றார். டீச்சரம்மாவின் முகத்தில் நாலு நாள் கோபமும் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டது.

இதுதான் சமயம் என்று கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் நின்ற மெக்கானிக் இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்பார்ந்த வார்டு மக்களே, மூணாம் பக்கத்துல..."

"டேய், டேய்!" என்று டீச்சரம்மா கிசுகிசுத்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? உள்ளே வை!"

அதட்டலில் கவுன்சிலரின் கை உதறியது. தாள் நழுவி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருக்கிக் கழுவிய தெருவின் நட்டநடுவில் போய் விழுந்தது. நாலு தெருவிலும் கிடந்த ஒரே குப்பை அதுதான். படிவத்தில் கையெழுத்துப் போடப் போன அதிகாரியின் பேனா அப்படியே நின்றது.

"இது என்ன?"

வார்டே மூச்சை அடக்கிக்கொண்டது. அப்போது சக்கரம் கத்தியது. துப்புரவு அக்கா நிதானமாக வந்து குனிந்து தாளை எடுத்து, பிரித்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாலாகக் கிழித்து வண்டியில் போட்டாள்.

"வேண்டாத காகிதம் சார். நீங்க எழுதுங்க" என்றாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். பூங்காவுக்கு லாரி வராது.

கைதட்டல் தெரு முழுக்கக் கேட்டது. மாமனார் தண்ணீர்க் குழாயை வானத்தைப் பார்த்துப் பிடிக்க, குழந்தைகள் கத்திக்கொண்டு அதற்குள் ஓடின. மெக்கானிக்கும் பேங்க் மேனேஜரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஏன் என்று இருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கவுன்சிலர் பூங்காவுக்குள் போய் மரத்தடி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. காற்று அடித்தது, ஊஞ்சலில் யாரோ குழந்தை ஆடியது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். குழாயடியில் துப்புரவு அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க" என்றார். "எல்லாம் அந்த அச்சகக்காரர் பண்ணின கூத்து. ஏதோ நம்ம அதிர்ஷ்டம், தப்பு நடந்தும் நல்லதா முடிஞ்சது. அடுத்த மடல்ல அவரை ஒரு வழி பண்றேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அவரைத் திட்டாதீங்க தம்பி, மீசையைக் கறுப்பாக்கச் சொல்லி நீங்க அனுப்பினப்போ, தலைப்பு ரெண்டையும் நீங்க மாத்தச் சொன்னதா அவர்கிட்ட கூடவே சொன்னது நான்தான், எந்த வீட்டுக் குப்பை எந்த வாசல்ல போய் விழுதுன்னு அதை அள்ளுறவளுக்குத் தெரியாதா, உங்க வீட்டு நம்பரையும் அந்த எச்சரிக்கையிலதான் சேர்த்திருக்கணும், தர்பூசணித் தோல்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்."